காலத்தின் அருமை உணர்ந்த ஸ்ரீமத் ராஜசந்திரர்

சித்திரை பிறந்தது நேற்றுப் போல் இருக்கிறது. அதற்குள் ஆடி வந்து சென்று, பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளும் கடந்து, தைப் பொங்கலும் வந்துவிடுகிறது. கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற பிள்ளைகளுக்கு வரன் தேடும் நாள் எப்படி வந்தது என்று நாம் வியக்கின்றோம். செல்வம் நிலையாது, இளமை நிலையாது, யாக்கை நிலையாது என்று நம் சமண முனிவர்கள் நாலடியாரின் தொடக்கத்திலேயே மூன்று அதிகாரங்களை வகுத்து வைத்தார்கள். அவற்றை இளமையில் மனப்பாடம் செய்தவர் நம்மில் பலர். ஆயினும் மகளின் திருமணம் முடியட்டும், கடன் தீரட்டும், பணி ஓய்வு வரட்டும், அதன் பிறகு நிதானமாகச் சாத்திரம் படிக்கலாம், சாமாயிகம் செய்யலாம் என்று நாளைக் கடத்துவதே நம் வழக்கமாக இருந்து வருகின்றது.

நம் ஆகமங்கள் காலத்தை மிக நுண்ணிதாகப் பகுத்துள்ளன. இதற்குமேல் பிரிக்க இயலாத மிகச் சிறிய காலத்திற்குச் சமயம் என்று பெயர். எண்ணற்ற சமயங்கள் சேர்ந்தது ஓர் ஆவலி. அவ்வாறே வளர்ந்து 48 நிமிடம் கொண்டது ஒரு முகூர்த்தம். நம் தமிழ்க் கணக்கில் இரண்டு நாழிகை. முப்பது முகூர்த்தங்கள் கொண்டது ஒரு நாள். காலத்தை இவ்வளவு நுட்பமாக அளந்ததற்குக் காரணம் உண்டு. ஆன்மா ஒவ்வொரு சமயத்திலும் மாறுதல் அடைகிறது. ஒவ்வொரு சமயத்திலும் வினை வந்து கட்டுகிறது. ஆகவே விழிப்புடன் இருக்க வேண்டிய காலமும் இந்தச் சமயமே என்பது நம் பெரியோர் கொள்கை.

இக்கொள்கையை ஏட்டில் மட்டும் கற்காமல், வணிகம், குடும்பம், நண்பர், நோய் ஆகிய அனைத்துக்கும் நடுவில் நடத்திக் காட்டிய ஒரு சிராவகரின் வரலாற்றை இவ்விதழில் எழுத விரும்புகின்றோம். அவர் காந்தியடிகளின் ஆன்மிக வழிகாட்டி என உலகம் அறிந்த ஸ்ரீமத் ராஜசந்திரர். அவர் இவ்வுலகில் வாழ்ந்தது 33 ஆண்டுகளும் 5 மாதங்களுமே. நாட்கணக்கில் சொன்னால் சுமார் 12,200 நாட்கள். அவற்றில் கணிசமான பகுதி பம்பாயில் நகைக் கற்களும் முத்தும் விற்கும் கடையில் கழிந்தது.

இளமையில் கண்ட உண்மை

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் மோர்பிக்கு அருகில் உள்ள வவாணியா என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், கார்த்திகைப் பௌர்ணமியன்று அவர் பிறந்தார். தந்தையார் ரவ்ஜிபாய், தாயார் தேவ்பாய். பாட்டனார் கண்ணனை வழிபடும் வைணவர். தாயார் சமணக் குடும்பத்தில் வந்தவர். இரு நெறிகளின் காற்றும் வீசிய வீட்டில் ராய்சந்த் என்னும் அக்குழந்தை வளர்ந்தது. பள்ளிப் பாடங்களை மிக விரைவில் கற்று முடித்து, உடன் பயில்வோருக்குத் தாமே கற்பிக்கும் ஆற்றல் பெற்றிருந்தார் என அவர் வரலாறு கூறுகின்றது.

ஏழு வயதில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அவரிடம் அன்பு காட்டி வந்த அமீசந்த் என்னும் இளைஞர் பாம்பு தீண்டி மாண்டார். மாண்டார் என்ற சொல்லின் பொருள் விளங்காத சிறுவர் பாட்டனாரிடம் கேட்டார். குழந்தை அஞ்சுமே என்று பாட்டனார் பேச்சை மாற்றப் பார்த்தார், சிறுவர் விடவில்லை. உயிர் உடலை விட்டுப் போய்விட்டது, அவ்வுடலைக் குளக்கரையில் எரிப்பார்கள் என்று இறுதியில் சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் அறியாமல் குளத்தருகே சென்ற சிறுவர் ஒரு மரத்தில் ஏறி நின்று பார்த்தார். நேற்றுவரை தம்முடன் சிரித்துப் பேசியவரின் உடல் தீயில் எரிந்துகொண்டிருந்தது. சுற்றத்தார் சுற்றி நின்றார்கள். அந்தக் காட்சி சிறுவரின் உள்ளத்தை ஆழ்ந்த சிந்தனையில் ஆழ்த்தியது. முற்பிறவிகளின் நினைவு அவ்விடத்திலேயே அவருக்கு உண்டாயிற்று என்று அவரைப் பின்பற்றுவோர் போற்றுவர்.

சுடலையில் வரும் வைராக்கியம் வீடு திரும்பியவுடன் மறைவது உலக இயல்பு. இவருக்கு அது மறையவில்லை. இருக்கும் நாள் எத்தனை என்று தெரியாத நிலையில், தெரிந்த நாளாகிய இன்றைய நாளை என்ன செய்வது என்ற கேள்வியாக அது அவருள் தங்கிவிட்டது.

தந்தையாரின் கடையில் உதவியாக அமர்ந்திருந்த இளமைப் பருவத்திலேயே நூல் பல கற்றார், கவிதை புனைந்தார். 1884இல், வயது 16 ஆண்டு 5 மாதம் நிரம்பியபோது, மோக்ஷமாலா என்னும் நூலை மூன்றே நாட்களில் எழுதி முடித்தார். ஜபமாலையின் மணிகளைப் போல அதில் 108 பாடங்கள். சமண நெறியை எளியோரும் அறிய வேண்டும் என்பதே அந்நூலின் நோக்கம். அதில் பிரமாதம் என்னும் குற்றத்தைப் பற்றி ஒரு தனிப் பாடம் உண்டு. மறதி, சோம்பல், பிறகு பார்க்கலாம் என்ற அலட்சியம் யாவும் பிரமாதத்துள் அடங்கும். மகாவீரர் தம் தலைமைக் கணதரரான கௌதமருக்கே இது பற்றி அறிவுறுத்தினார் என்றால் நம் போன்றோர் நிலை என்ன என்று சிந்திக்க வேண்டும்.

அந்நூல் அச்சாகி வெளிவரக் காலம் தாழ்ந்தது. முன்பணம் கட்டியவர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருக்கும் காலம் வீணாகலாகாது என்று பன்னிரண்டு பாவனைகளை விளக்கும் பாவனாபோதம் என்னும் சிறு நூலை எழுதி அவர்களுக்கு அளித்தார். அப்பன்னிரண்டில் முதலாவது அநித்திய பாவனை.

சதாவதானமும் அதனைத் துறந்ததும்

ஒரே நேரத்தில் பல செய்திகளில் கவனம் செலுத்தி அவற்றைப் பிறழாமல் திரும்பக் கூறும் அவதானக் கலை தமிழர்க்குப் புதிதன்று. ராய்சந்த் அக்கலையில் எட்டு, பன்னிரண்டு எனத் தொடங்கி நூறு அவதானம் வரை உயர்ந்தார். 1887ஆம் ஆண்டு ஜனவரியில், பத்தொன்பது வயதில், பம்பாய் சர் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் அறிஞர் நிறைந்த அவையில் சதாவதானம் நிகழ்த்தினார். நாளிதழ்கள் புகழ்ந்தன. ஐரோப்பா சென்று அத்திறமையைக் காட்டுமாறு உயர்ந்தோர் அழைத்தனர்.

அவர் செல்லவில்லை. அதனோடு நில்லாமல், இருபது வயதை ஒட்டியே பொதுமக்கள் முன் அவதானம் செய்வதையும் விட்டுவிட்டார். புகழும் பொருளும் ஒருங்கே வந்து வாசலில் நின்றபோது அவற்றை விலக்கியது ஏன்? நூறு பொருள்களில் மனத்தைச் செலுத்தும் ஆற்றல் தமக்கு உண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அறியத்தக்க ஒரே பொருளாகிய ஆன்மாவில் அம்மனத்தை நிறுத்தவே இனி உள்ள நாட்கள் வேண்டும் என அவர் கருதினார். நமக்குக் கைவந்த திறமை எல்லாவற்றிற்கும் நம் ஆயுளைக் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இதனால் அறிகின்றோம்.

கடையும் குறிப்பேடும்

1888இல் ஜபக்பாய் என்னும் நங்கையை மணந்தார். நான்கு மக்களுக்குத் தந்தையானார். பம்பாயில் ரேவாசங்கர் ஜகஜீவன் என்பாருடன் கூட்டாக முத்து, வைரம் முதலியவற்றை வாணிகம் செய்தார். கடல் கடந்த நாடுகளுடனும் கொடுக்கல் வாங்கல் நடந்த பெரிய வணிகம் அது. கல்லின் தரம் காண்பதில் அவருக்கு நிகரானவர் குறைவு என்று பெயர் பெற்றார்.

1891ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தில் சட்டம் பயின்று திரும்பிய மோகன்தாஸ் காந்தி பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினார். தாயைக் காணும் ஆவலோடு வந்த அவருக்குத் தாயார் புத்லிபாய் காலமான செய்தியைத் தமையனார் அப்போதுதான் கூறினார். அயல்நாட்டில் தனியே இருந்த தம்பி தாங்கமாட்டார் என்று அதுவரை மறைத்து வைத்திருந்தார்கள். இந்தத் துயரோடு டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா இல்லத்தில் தங்கிய காந்தியடிகளுக்கு ராய்சந்த்பாய் அங்கு அறிமுகமானார். காந்தியடிகளுக்கு வயது 21, ராய்சந்த்பாய்க்கு 23.

ஐரோப்பிய மொழிச் சொற்களை வரிசையாகச் சொல்லி அவர் நினைவாற்றலைக் காந்தியடிகள் சோதித்தார். அவர் வரிசை மாறாமல் திருப்பிக் கூறினார். ஆனால் காந்தியடிகளைக் கவர்ந்தது அந்த ஆற்றல் அன்று. கடைக்குச் சென்று பார்க்கும் போதெல்லாம் அங்குக் கண்ட ஒரு காட்சியைத் தம் சுயசரிதையில் அவர் பதிவு செய்துள்ளார். வணிக மேசையின் மேல் எப்போதும் ஒரு சமய நூலும் ஒரு குறிப்பேடும் இருக்கும். பெருந்தொகைக்குரிய பேரம் நடக்கும்போது முழுக் கவனமும் பேரத்தில் இருக்கும். பேரம் முடிந்த அந்த நொடியே நூல் திறக்கப்படும், அல்லது குறிப்பேட்டில் எழுத்து ஓடும். இப்போது கிடைத்த இலாபத்தை நினைத்து மகிழவும், அடுத்த வாடிக்கையாளர் வருவாரோ என்று வாயிலைப் பார்த்துக் கொண்டிருக்கவும் அவர் காலத்தைச் செலவிடவில்லை.

நம்மில் வணிகர் பலர் உண்டு. அலுவலகங்களில் பணிபுரிவோரும் உண்டு. ஒரு நாளில் நாம் உண்மையாக வேலை செய்யும் நேரம் எவ்வளவு, வேலைக்கும் வேலைக்கும் இடையில் கவலையிலும் வெறும் பேச்சிலும் கரையும் நேரம் எவ்வளவு என்று கணக்கெடுத்தால் நமக்கே வியப்பாக இருக்கும். ராய்சந்த்பாய் தனியாக நேரம் ஒதுக்கிக் கொண்டு கற்றவர் அல்லர். யாரும் பேரேட்டில் எழுதாத அந்த இடைவெளிகளிலேயே கற்றார்.

அவர் வரலாற்றில் கூறப்படும் மற்றொரு நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. குறித்த நாளில் குறித்த விலைக்கு வைரங்களைத் தருவதாக ஒரு வணிகர் அவருக்கு ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். இடையில் விலை மிகவும் ஏறிவிட்டது. சொன்னபடி கொடுத்தால் அவ்வணிகரின் குடும்பமே அழியும். ராய்சந்த்பாய் அவர் கடைக்குத் தாமே சென்று, அப்பத்திரத்தைக் கிழித்துப் போட்டார். வரப்போகும் நாளில் கிடைக்கவிருந்த பெரும் இலாபத்தைவிட, தம் கண்ணெதிரே அஞ்சி நின்ற ஒரு மனிதரின் துயரமே அவருக்கு அப்போது மெய்யாகத் தோன்றியது. அகிம்சை என்பது இவ்வாறு இந்த நாளில், இந்த மனிதரிடம் செய்யப்படுவது.

தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளுக்குச் சமயம் பற்றிய ஐயங்கள் எழுந்தபோது, 1894இல் அவர் 27 வினாக்களை எழுதி ராய்சந்த்பாய்க்கு அனுப்பினார். கடைப் பணிகளுக்கு இடையிலும் அவ்வினாக்களுக்கு ஒவ்வொன்றாக விடை எழுதப்பட்டது. தம் வாழ்வில் ஆழ்ந்த தாக்கம் விளைவித்த தற்காலத்தவர் மூவருள் டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகியோரோடு ராய்சந்த்பாயையும் காந்தியடிகள் வைத்துப் போற்றினார்.

நடியாதில் ஒரு மாலை

சாயலா என்னும் ஊரினரான சௌபாக்யபாய் அவருடைய நெருங்கிய அன்பர். வயதில் மிக மூத்தவர். ஆன்மா உண்டு, அது என்றும் உள்ளது, வினை செய்வது, பயன் நுகர்வது, வீடுபேறு உண்டு, அதற்கு வழியும் உண்டு என்னும் ஆறு உண்மைகளை ராஜசந்திரர் முன்பே ஒரு கடிதத்தில் உரைநடையாக விளக்கியிருந்தார். அதனை மனப்பாடம் செய்வது முதுமையில் கடினமாக உள்ளது, செய்யுளாக அமைந்தால் நன்று என்று சௌபாக்யபாய் வேண்டிக்கொண்டார்.

1896ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்த பின், ராஜசந்திரர் நடியாத் நகரில் தங்கியிருந்தார். ஒரு மாலை உலாவிவிட்டுத் திரும்பியவர் எழுத அமர்ந்தார். உடனிருந்த அம்பாலால் என்னும் அன்பர் லாந்தர் விளக்கை ஏந்தி நின்றார். ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் 142 செய்யுள்கள் நிறைவுற்றன. நம் கணக்கில் அது இரண்டு அல்லது மூன்று முகூர்த்தம்! அதுவே ஆத்மசித்தி சாத்திரம். நான்கு படிகள் மட்டும் எடுக்கப்பட்டுத் தகுதி வாய்ந்த நால்வருக்கு அளிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சௌபாக்யபாய்க்குச் சென்றது.

மறு ஆண்டு, 1897இல், சௌபாக்யபாய் காலமானார். அந்த மாலை களைப்பாக இருக்கிறது, பம்பாய் சென்ற பின் ஓய்வாக எழுதலாம் என்று தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூல் என்றேனும் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் கேட்ட முதியவர் கையில் அது சேர்ந்திருக்குமா என்பது ஐயமே. வாழ்வின் கடைசி மாதங்களில் அவர் அச்செய்யுள்களைத் துணையாகக் கொண்டிருந்தார். நம் இல்லத்து முதியோர் நம்மிடம் கேட்கும் சிறு சிறு உதவிகளை நினைத்துக் கொண்டு இப்பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வாசகர்களை வேண்டுகின்றோம்.

நிறைவேறாத விருப்பம்

ராஜசந்திரருக்கு ஒரு பெரு விருப்பம் இருந்தது. அகமும் புறமும் பற்றற்ற நிர்க்கிரந்த முனிவராக வாழ வேண்டும் என்பதே அது. அந்த நல்வேளை எப்போது வரும் என ஏங்கி அபூர்வ அவசரம் என்னும் பாடலை இயற்றினார். காந்தியடிகளின் ஆசிரமப் பாடல் தொகுப்பிலும் அது இடம் பெற்றது. ஆனால் குடும்பக் கடமையும் கூட்டு வணிகப் பொறுப்பும் அவரைப் பிணித்திருந்தன. பிறருக்குத் துன்பம் விளைவித்துத் துறவு பூணுவதை அவர் விரும்பவில்லை. இயன்ற போதெல்லாம் பம்பாயை விட்டு நீங்கி, குஜராத்தின் சிற்றூர்களிலும் ஈடர் மலையிலும் தனிமையில் தங்கித் தியானம் செய்தார். முனிவர் சிலர் அங்கு அவரை நாடி வந்து பாடம் கேட்டனர்.

பந்தங்கள் தளர்ந்து விருப்பம் கைகூடும் காலம் நெருங்கியபோது உடல் தளர்ந்தது. கடும் நோய் வந்தது. இடம் மாற்றியும் மருத்துவம் செய்தும் பயனில்லை. அந்நிலையிலும் திகம்பரம், சுவேதாம்பரம் என வேறுபாடு பாராமல் பழைய சமண நூல்களை அச்சிட்டுப் பரப்புவதற்காகப் பரமசுருத பிரபாவக மண்டலம் என்னும் அமைப்பு உருவாக வழிசெய்தார். பொன்னூர் மலையோடு இணைத்து நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியரின் நூல்களும் அம்மண்டலத்தின் வழியே பலருக்குக் கிட்டின.

1901ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ராஜ்கோட்டில் அமைதியாக உடல் நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாய்நாடு திரும்பியபோது, வழிகாட்டியைக் காணும் பேறு அவருக்கு இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் தாயைக் காண இயலாமற் போனது போலவே இதுவும் ஆயிற்று.

அவர் எதிர்நோக்கிய முனிவர் வாழ்வு அவருக்குக் கிட்டவில்லை. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. துறவு பூண்ட பிறகுதான் ஆன்ம சிந்தனை என்று அவர் வைத்திருந்தால், 33 ஆண்டுகளும் காத்திருந்தே கழிந்திருக்கும். நமக்கு மோக்ஷமாலாவும் இல்லை, ஆத்மசித்தியும் இல்லை. எதிர்காலத்தில் வேண்டியது வராமற் போகலாம் என்பதை ஏழு வயதிலேயே கண்டவர் ஆதலின், கடையில் அமர்ந்த நாளையும் முனிவரின் நாளைப் போலவே பயன்படுத்தினார். வந்த வாடிக்கையாளருக்கும், கடிதம் எழுதிய நண்பருக்கும், செய்யுள் கேட்ட முதியவருக்கும் உரியதை அவ்வப்போதே கொடுத்தார்.

அவர் ஆற்றல் நமக்கு இல்லை. மூன்று நாளில் நூல் எழுதவும், இரண்டு மணியில் சாத்திரம் இயற்றவும் நம்மால் இயலாது. ஆனால் மேசையின் மேல் ஒரு நூலையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக் கொள்வது யாருக்கும் இயலும். வேலை முடிந்த நொடியில் அதனைத் திறப்பதும் இயலும். நாளொன்றுக்குள்ள முப்பது முகூர்த்தங்களில் ஒன்றை, இரண்டே நாழிகையைச் சாமாயிகத்திற்கு அளிப்பது குடும்பத்தில் இருப்போர்க்கும் இயலும். அந்த இரண்டு நாழிகையில் நேற்றைய கணக்கும் நாளைய கவலையும் ஒதுங்கி நிற்க, ஆன்மாவை அதன் இயல்பில் சற்றே காண முயல்வோம். இல்லத்தில் முதியோர் இருப்பின் அவர்கள் கேட்டதை இன்று மாலையே செய்து கொடுப்போம். நல்வேளை வரட்டும் என்று காத்திருக்கும் அன்பர்கள், வந்திருக்கும் இவ்வேளையை நல்வேளையாக்கிக் கொள்ள அருகன் அருள் துணை நிற்பதாக.